மாடு மட்டும் அசையவில்லை

என் கையெழுத்து, அவசரத்தில் போட்ட வெல்டிங் மாதிரி இருக்கும். ஓர் எழுத்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. பிழைகளும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசுவதை நிறுத்திக்கொண்டோம். சந்தேகம் வந்தால் யாரிடமாவது கேட்டு எழுதலாம்தான். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன் நான். அதற்குத் தப்பாகவே எழுதிவிடுவது எவ்வளவோ சுலபம்.

எழுதுவதற்குக் காரணம் எங்கள் டீக்கடை. போன வருஷம் எங்கள் ரோட்டில் நடந்ததை அங்கே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வார்டு மெம்பர் கொஞ்சம் உயரமாகிக்கொண்டே போகிறார். இப்படியே விட்டால் அவர் ஒற்றைக் கையால் கன்டெய்னர் லாரியைத் தடுத்து நிறுத்தினார் என்று முடித்துவிடுவார்கள். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு இரும்பு டிராலி செய்து கொடுக்கிற ஒரு சின்ன ஷெட்டில் நான் வெல்டர். குடியிருப்பது சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில். என் மனைவிக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. கம்பெனி ரோட்டுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுவில் ஆறு வழிச் சாலை. அந்தச் சாலையைப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். லாரி எங்கே திரும்பும், கார்களை ஏற்றிய டிரெய்லர் எங்கே ஒதுங்கும் என்றெல்லாம் யோசித்துப் போட்டிருக்கிறார்கள். மனிதர்களுக்குக் கால் உண்டு, அவர்கள் சில சமயம் நடப்பார்கள் என்பது மட்டும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் எல்லா கேட்டும் ஒன்றாகத் திறக்கும். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கேன்டீன் பெண்களின் பச்சைக் கோட்டு எல்லாமாக ரோட்டோரம் வந்து குவியும். அதே நேரத்தில்தான் கம்பெனி பஸ்களும் வரிசையாக வரும். சூரியன் அப்போது ரோட்டுக்கு நேராக, பஸ் டிரைவர்களின் கண்ணில் குத்துகிற மாதிரி இறங்கும். ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். ஜனங்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் பக்கம் இதற்கு ரோடு கிராஸ் பண்ணுவது என்று பெயர்.

ஒருநாள் அப்படிக் கடக்கும்போது ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடி என் மனைவியின் தோளில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தட்டிப் பறித்து, ரோட்டில் எறிந்துவிட்டுப் போய்விட்டது. டிபன் பாக்ஸ் நசுங்கி, தட்டு மாதிரி ஆகியிருந்தது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துச் சிரித்தாள்.

"இன்னாய்யா அப்படிப் பாக்குற? டப்பாதான் போச்சு, நான் கீறேன் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பை அவள் தோளிலிருந்து எவ்வளவு தூரம், தோள் கழுத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து ஷிப்ட் விடும் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நிற்க ஆரம்பித்தேன். நின்று என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. அவள் கடந்து வந்ததும் அவளோடு வீட்டுக்கு நடப்பேன். பஸ்ஸைப் பார்த்து முறைப்பேன். பஸ்கள் அதற்காகப் பயந்ததாகத் தெரியவில்லை.

சும்மா நிற்பதும் எனக்குக் கூச்சம். நாலு பேர் பார்ப்பார்களே. அந்தச் சமயத்தில்தான் கேமரா வந்தது.

எங்கள் வீட்டு மாடி அறையில் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருந்தார். கார் பாகம் செய்கிற கம்பெனியில் லைன் வேலை. அவரிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினார். கடலோரப் பாறை, அஸ்தமனம். அலையே இல்லை. தண்ணீர் பாலாடை மாதிரி விரிந்து கிடந்தது.

"இது நெசப் படந்தான் அண்ணாச்சி. கேமராக் கண்ண ரொம்ப நேரம் தொறந்தே வச்சிருக்கணும். அசையுறதெல்லாம் கரைஞ்சு போயிரும், அசையாதது மட்டும் நிக்கும். ஆனா அவ்வளவு நேரம் தொறந்தா வெளிச்சம் ஏறி வெள்ளையாப் போயிரும்லா? அதுக்கு முன்னால கன்னங்கரேல்னு ஒரு கண்ணாடி போடணும். அதுதான் நம்மகிட்ட இல்ல."

நான் கீழே போய் என் வேலைப் பையிலிருந்து வெல்டிங் முகமூடியில் போடுகிற கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினேன். அதன் வழியாகச் சூரியனே ஒரு பொட்டு மாதிரிதான் தெரியும். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது போதும். இது ரொம்பவே போதும்."

இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கண்ணாடியைக் கேமராவின் மூக்கில் கட்டினோம். ஷெட்டில் மிச்சமான சதுரக் குழாயில் நானே மூன்று கால் ஸ்டாண்டு அடித்தேன். அது கேமராவைத் தாங்கும், தேவைப்பட்டால் ஒரு ஸ்கூட்டரையும் தாங்கும். அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வந்ததால் பல நாள் கேமராவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். ரோட்டோரம் ஏரிக்கரை முனையில் ஸ்டாண்டை வைத்துவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு நிற்பேன். ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம் ஆகும் ஒரு படத்துக்கு. அவ்வளவு நேரமும் நான் சும்மா நிற்கலாம், யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க முடியாது. என்னைப் போன்றவனுக்கென்றே கண்டுபிடித்த தொழில் என்று நினைத்தேன்.

அது என் மூடத்தனம். எங்கள் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டோடு ரோட்டோரம் ஒருவன் நின்றால் அவன் நிலம் அளக்க வந்தவன். வேறு அர்த்தமே கிடையாது. முதல் நாளே ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"சார், ரோடு இன்னும் அகலம் பண்றாங்களா? எங்க வூடு தப்பிக்குமா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். வீடு தப்பிக்காது என்று எடுத்துக்கொண்டு அவர் நெஞ்சைப் பிடித்தார். இன்னொருவர் மோர் வாங்கிக் கொடுத்து, கோட்டைக் கொஞ்சம் பக்கத்துக் காலிமனைப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார். ஒரு மனை புரோக்கர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, "எங்க வருதுன்னு மட்டும் சொல்லு தல, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் ஏரியையும் வானத்தையும் காட்டினேன். அவர் அன்றே ஏரிப் பக்கம் மனை விலையை ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

படங்கள் பாசி பிடித்த மாதிரி பச்சையாக வந்தன. வெல்டிங் கண்ணாடியின் நிறம். தம்பி போனில் ஏதோ தேய்த்து அந்தப் பச்சையைக் கழுவிவிடுவார். கழுவிய பிறகு பார்த்தால் எங்கள் ஏரி, எங்கள் ஏரி மாதிரியே இல்லை. நுரையும் ஆகாயத்தாமரையும் மிதக்கிற தண்ணீர் பனி மூடிய மாதிரி இருந்தது. கம்பெனிப் புகை பட்டுத் துணி மாதிரி வானத்தில் இழுபட்டிருந்தது. இந்தக் கண்ணாடியை எல்லோருக்கும் ஒன்று கொடுத்தால் எங்கள் பக்கத்துப் பிரச்சினைகள் பாதி தீர்ந்துவிடும்.

நிலம் அளக்கிறார்கள் என்ற செய்தி மெம்பரின் காதுக்குப் போய், தனக்குத் தெரியாமல் எவன் அளக்கிறான் என்று அவரே புறப்பட்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் போன் தெரிகிற மாதிரி. என்னைப் பார்த்ததும் ஏமாந்துபோனார்.

"அட, நீயா? இன்னாத்தப்பா படம் புடிக்கிற?"

நான் ஸ்டாண்டைப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி ரோட்டைக் கடந்து வந்து சேர்ந்தாள். எனக்காகப் பேசுவது அவள் வழக்கம்.

"அவரு சூரியனப் புடிக்கிறாரு. நீ இந்த ரோட்ட கொஞ்சம் புடியேன் மெம்பரு. நாங்க டெய்லி உசுரக் கையில வெச்சிகினு ஓடறோம். ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு சிக்னலு, ஒண்ணாச்சும் போடச் சொல்லேன். ஓட்டு கேக்க மட்டும் ரோட்டக் கிராஸ் பண்ணி வந்தியே."

"மனு எழுதியாச்சும்மா. போட்டோ ஒண்ணு வெச்சாதான் ஆபீசர் பாப்பாரு." சொல்லிக்கொண்டே கேமராவைப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்தது. "தல, நீயே எடுத்துக் குடேன். இம்மாம் பெரிய கேமரா வெச்சிகினு கீற. நானும் அதுல நிக்கிறேன். கூட்டம், பஸ்ஸு, பின்னால சூரியன், நடுவுல நானு."

மறுநாள் ஷிப்ட் விடும் நேரத்துக்கு வந்துவிட்டார். புதுச் சட்டை. ரோட்டின் நடுத்திட்டில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, மோவாயைத் தூக்கி நின்றார். அவருக்குப் பக்கத்தில், எப்போதும் அந்தத் திட்டில் படுத்து அசை போடுகிற ஒரு மாடு. கண்ணாடி ஏற்கெனவே கட்டியிருந்தது. அது எதற்கு என்று சொல்லி அவருக்குப் புரியவைக்க எனக்குத் தைரியம் இல்லை. அதைக் கழற்றினால் வெயிலுக்கு என்ன ஆகும், எதைத் திருக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. தம்பி சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வகைதான். அசையாமல் நில்லுங்கள் என்று மட்டும் சைகை காட்டினேன். படத்துக்கு நிற்பதென்றால் மெம்பருக்குப் பிறவி வரம். சிலை தோற்றுப்போகும். ஜனங்கள் வழக்கம்போல உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். என் மனைவியும் ஓடி வந்தாள்.

தம்பி பச்சையைக் கழுவிப் போனில் காட்டிய படத்தில் மெம்பர் இருந்தார். மாடு இருந்தது. செக்கச் சிவந்த வானம் இருந்தது. துடைத்து வைத்த மாதிரி ஆறு வழிச் சாலை இருந்தது. ஓடின ஒருவரும் இல்லை. பஸ்கள் காற்றில் இழுத்த வண்ணக் கோடு மாதிரி எங்கோ மேலே மிதந்தன.

நான் வாயைத் திறந்தேன். மெம்பர் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இன்னா படம்பா! சாமி மாதிரி கீறேன்!"

அதற்கு மேல் யார் பேசுவது? படம் மனுவோடு போயிற்று. மனுவில், இந்த இடத்தில் தினமும் பெருந்திரளான மக்கள் கடக்கிறார்கள், படம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்ததாம்.

பிறகு ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். காலை பதினொரு மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் எல்லோரும் கம்பெனிக்குள் இருப்பார்கள். ரோடு படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. மாடும் அதே இடத்தில் இருந்தது. நேரில் பார்த்ததும் படமும் இவ்வளவு பொருத்தமாக இருந்தால் ஒரு மனிதன் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? கொஞ்ச நாளில் ஒரு லாரி வந்தது, இரண்டு பேர் குழி தோண்டினார்கள், பளபளவென்று ஒரு போர்டு வந்தது. முக்கோணத்துக்குள் ஒரு மாட்டின் படம். கீழே, கால்நடைகள் கடக்கும் இடம்.

அன்று சாயங்காலம் என் மனைவி கடந்து வந்து, போர்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கூட வந்த கேன்டீன் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தியாடி, நமக்குன்னு ஒரு போர்டு வெச்சிட்டாங்க. மூஞ்சி கூட எனக்கு சரியாத்தான் போட்டுக்கிறாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "யோவ், நான் அன்னிக்கு உன் கண்ணெதிர்லதானே ஓடியாந்தேன்? எங்கய்யா நானு? மாடு வந்துக்கீது, நான் வரல?"

"நீ அசைஞ்ச" என்றேன்.

"அசையாம நின்னா பஸ்ஸு ஏத்திடுவான்யா."

ஆனால் அவள் சும்மா விடுகிறவள் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போதே கேட்டாள். "அப்போ எல்லாரும் அசையாம நின்னா?"

மாடித் தம்பியிடமும் கேட்டாள். அவர், "எல்லாரும் ஒண்ணா நின்னா எல்லாரும் விழுவாங்கக்கா. ஆனா ரோட்டு நடுவுல எவன் நிப்பான்?" என்றார். அவள், "நிக்க வெக்கிறேன்" என்றாள். அடுத்த நாள் கேன்டீனில் சாம்பார் ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வார்த்தை சொன்னாளாம். தம்பி, மேன்ஷன்களில் தங்கியிருக்கிற தன் ஊர்ப் பையன்களிடம் சொன்னார். படம் பிடிக்கிறார்கள், ஷிப்ட் விட்டதும் ரோட்டில் போய் அசையாமல் நில்லுங்கள், உங்கள் மூஞ்சி ஆபீசருக்குப் போகும். யாரும் இதைப் போராட்டம் என்று நினைக்கவில்லை. குரூப் போட்டோ என்றுதான் நினைத்தார்கள். சிலர் தலை வாரிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்குக் கூட்டம் ரோட்டுக்குள் இறங்கியது. முதலில் வந்த பஸ் வழக்கம்போல ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்து, யாரும் ஓடாததைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நடுத்திட்டைத் தாண்டி மறுபக்கமும் நிறைந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். அத்தனை பேரும் வரிசையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார்கள். என் ஆயுளில் அத்தனை கண்கள் என்னைப் பார்த்ததில்லை. ஸ்டாண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஸ்டாண்டு ஆடாமல் இருக்க இல்லை, நான் ஆடாமல் இருக்க.

மெம்பர் எங்கிருந்தோ ஓடி வந்தார். "மறியல் பண்றாங்கன்னு சொல்றான், எவன் சொல்லி பண்றீங்க? எனக்கு ஒரு வார்த்தை இல்ல?" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. உதட்டை அசைத்தால் படம் கெட்டுவிடுமே.

முக்கு ரோட்டில் எப்போதும் நிற்கிற போலீஸ் ஜீப் ஹாரன் சத்தம் கேட்டு வந்துவிட்டது. எஸ்.ஐ. இறங்கினார். நல்ல உடம்பு, கையில் லத்தி.

"யோவ், யாருய்யா இங்க தலைவரு?"

அசையாமல் நின்ற கூட்டம் கண்களாலேயே என்னைக் காட்டியது. அவர் நேராக ரோட்டின் நடுவுக்கு, கேமராவுக்கும் கூட்டத்துக்கும் இடையில் வந்து நின்றார்.

"நீயாய்யா தலைவரு? என்னய்யா கோரிக்கை?"

கோரிக்கை என்று ஒன்று இருந்தது. பஸ் கண்ணாடிக்கும் ஒரு கழுத்துக்கும் நடுவில் இருந்த தூரம்தான் அது. அதை எப்படிச் சொல்வது? படத்துக்கு இன்னும் பாதி நேரம் பாக்கி இருந்தது, இவர் நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து, எனக்கே தெரியாத ஒரு பெரிய குரலில், ஒன்றுதான் வந்தது.

"சார், கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்!"

கூட்டம் முழுவதும் கேட்டது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். எஸ்.ஐ. கேமராவைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வயிற்றை உள்ளே இழுத்து, தொப்பியைச் சரிசெய்து, லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கேமரா என்றால் நிற்பது என்று பழகின உடம்பு அது. மனது வேறு யோசிப்பதற்குள் உடம்பு நின்றுவிட்டது. சூரியன் ஏரிக்குள் இறங்கி முடிகிற வரை நின்றார். கேமரா டக்கென்று மூடியது. ஜனங்கள் பெருமூச்சு விட்டு, குரூப் போட்டோ முடிந்த மாதிரி அவரவர் பாட்டுக்குக் கலைந்து போனார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் எஸ்.ஐ.

"முடிஞ்சுது சார்."

"காட்டு."

காட்டினேன். அத்தனை பேரும் இருந்தார்கள். பச்சை படிந்திருந்தாலும் சட்டை, தோள் பை, ஷூ, எல்லாம் தெரிந்தது. அவர்களுக்கு முன்னால், நடுநாயகமாக, லத்தியோடு எஸ்.ஐ. பாதி நேரம் மட்டும் நின்றதால் ஆவி மாதிரி விழுந்திருந்தார். அவர் வயிற்றுக்குள் பின்னால் நின்ற பஸ்ஸின் முகப்பு விளக்கு தெரிந்தது. யார் பார்த்தாலும் அந்தக் கூட்டத்தை நடத்தி வந்த மகான் இவர்தான் என்று சத்தியம் செய்வார்கள். அவர் முகத்தில் வியர்வை வந்தது.

"இத எங்கயும் அனுப்பாதய்யா."

"அனுப்ப மாட்டாரு சார்" என்றாள், அதற்குள் வந்து சேர்ந்த என் மனைவி. "நாங்க நின்னாதானே போட்டோ? கிராஸ் பண்ண ஒரு வழி இருந்தா நாங்க ஏன் சார் நிக்கிறோம்?"

மறுநாள் சாயங்காலத்துக்குள் மஞ்சள் நிறப் போலீஸ் தடுப்புகள் வந்து இறங்கின. இனிமேல் இங்கே யாரும் கூட்டம் சேரக் கூடாது என்று ரோட்டின் இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாக, பாம்பு நெளிகிற மாதிரி வைத்தார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு போலீஸ்காரரும் நிற்கிறார். அவர் வேலை எங்களை நிற்கவிடாமல் அந்தப் பக்கம் அனுப்புவது. அதற்காகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு, "போ, போ, நிக்காத" என்று எங்களை விரட்டுகிறார். தடுப்பில் வளைந்து வருவதற்குள் பஸ்கள் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடுகின்றன. ஜனங்கள் கூட்டம் போடக் கூடாது என்று செய்த ஏற்பாட்டில் ஜனங்கள் நிம்மதியாகக் கடக்கிறார்கள்.

மெம்பர் பேனர் வைத்தார். தடுப்பு அமைத்துத் தந்த தானைத் தலைவருக்கு, அதாவது அவருக்கே, நன்றி என்று. அவருக்கு அந்த இரண்டாவது படம்தான் வேண்டியிருந்தது. என்னிடம் வந்து எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் அதில் அவர் இல்லை. அங்கும் இங்கும் ஓடியே கரைந்துபோயிருந்தார். அதனால் பேனரிலும் பழைய படத்தையே போட்டார்கள். மெம்பர், வானம், மாடு.

மாடு போர்டு இன்னும் இருக்கிறது. மாடு அதன் கீழேதான் படுக்கிறது. கடந்ததை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. பெரிதாக்கித் தனியாகப் பார்ப்பேன். அத்தனை முகங்களும் ஓரளவு தெளிவு. இரண்டாவது வரிசையில், புது டிபன் பாக்ஸ் பையோடு நிற்கிற ஒரு முகம் மட்டும் கலைந்திருக்கிறது. நான் எஸ்.ஐ.யை அதட்டியபோது மூக்கால் சிரித்தது யார் என்று அந்தப் படம்தான் எனக்குச் சொன்னது. அவளிடம் காட்டினேன்.

"இதுலயும் நான் சரியா விழல பாரு" என்றாள்.

விழாவிட்டால் என்ன. இன்றைக்கும் கடந்து வந்தாள். பை தோளில் இருந்தது.

தை மாதம், காணும் பொங்கலுக்கு மறுநாள், சாயங்காலம்.